முனி எல்லையில் கழற்றிய சப்பாத்து

ஆடி பிறந்துவிட்டால் அக்கரப்பத்தனை மலைகளுக்கு வானம் என்று ஒன்று இல்லாது போகும். மேற்கே கடலில் சூல்கொண்டு எழுந்த முகில் பள்ளத்தாக்குகளைக் கடந்து வந்து முகடுகளில் முட்டி, நடை தளர்ந்த யானைக் கூட்டமென அங்கேயே படுத்துக்கொள்ளும். அதன்பின் மலை எது, மழை எது என்று பிரித்தறிவது அரிது. தேயிலைச் செடிகள் தலை குனிந்து நீர் சொட்டி நிற்கும். சவுக்கு மரங்களின் உச்சியில் காற்று இடையறாது ஏதோ ஓதிக்கொண்டிருக்கும். காலையும் மாலையும் கதிரவனைக் கண்டு அறியப்படுவன அல்ல. பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, கூப்பிடும் சங்கைக் கேட்டு அறியப்படுவன. ஜாடியில் உப்பு நீராகும். சுவரில் பூத்த பாசியை வழித்தெறிந்தால் மூன்றாம் நாள் மறுபடியும் பூக்கும். உடுத்திய துணி உடம்பின் சூட்டிலேதான் காய வேண்டும். படைத்தவன் உலகை ஒருமுறை நீரில் தோய்த்தெடுத்து, பிழிய மறந்து வேறு வேலை பார்க்கப் போய்விட்டானோ என்று பக்தி உள்ளவர்களும் ஐயுறும் காலம் அது.

ஊசிமலைத் தோட்டத்து மேல்பிரிவில், ஆறாம் லயத்து வரிசையின் கடைசி வீட்டுக்குள் அந்த ஆடியில் ஒரு நாற்றம் புகுந்தது.

அம்மாக்கண்ணு முதலில் எலி என்றுதான் எண்ணினாள். விறகுக் கட்டைப் பிரித்துப் பார்த்தாள்; அரிசி டின்னை நகர்த்திப் பார்த்தாள்; கட்டிலுக்கடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவினாள். நாற்றம் அகப்படவில்லை. மூன்றாம் நாள் விடியலில், கொழுந்து பறிக்க மலைக்குக் கிளம்புவதற்காகச் சோற்றைத் தூக்குச்சட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தபோது, கணவன் செல்லசாமி தன் வலக்காலைக் கம்பளிக்கு வெளியே சாக்குத் துணியில் சுற்றி வைத்துப் படுத்திருப்பதைக் கண்டாள். துணியை இழுத்தாள். அது தோலோடு ஒட்டியிருந்தது. சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் நீரில் ஊறிய கருவாட்டின் நிறத்தில் இருந்தன. இடையிலிருந்து மஞ்சளாக ஏதோ வழிந்தது.

வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, வாசலோரத்து வடிகால் கானில் குனிந்து வாந்தியெடுத்தாள். இருபத்துமூன்று ஆண்டு இல்லறத்தில் கணவனின் உடம்பைக் கண்டு அவள் குமட்டியது அன்றே முதல்முறை. அப்படிக் குமட்டியதற்காக அவள் தன்மீதும் ஒருமுறை உமிழ்ந்துகொண்டாள்.

"எத்தன நாளா இப்புடி?" உள்ளே வந்து, சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஒரு பத்து நாளு இருக்கும்."

"பத்து நாளா! வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"சொன்னா டிஸ்பென்சரிக்குப் போன்னுவ. போனா அவங்க லீவு சீட்டு எழுதுவாங்க. சீட்டப் பாத்தா கம்பனிக்காரன் அடுத்த ஆளப் போட்டுருவான். ஒனக்குத் தெரியாதா புள்ள?"

"எனக்கு ஒன்னுதான் தெரியுது. வீட்டுக்குள்ள பொணம் கெடக்கிற மாதிரி இருக்கு."

வாசலில் கவிழ்த்து வைத்திருந்த, அவர் காவல் வேலைக்குப் போடும் சப்பாத்தை எடுத்துப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன் கண்ணாடி போல் மினுங்கியது. இப்போது முன்பக்கம் வாய் பிளந்து கிடந்தது. தோல் என்று சொன்னது தோலன்று; உரித்த பல்லித் தோல் போல் செதில் செதிலாக வந்தது. அடியைப் பிய்த்தாள். உள்ளே காகிதக் கூழ், பாலில் ஊறிய பாண் ரொட்டி போல விரலில் ஒட்டியது. அதற்குள் இரத்தம் குடித்துக் கொழுத்த அட்டைகள் இரண்டு சாவகாசமாகச் சுருண்டிருந்தன.

அந்தச் சப்பாத்தைத் தெரிவு செய்தவர்களுள் அவளும் ஒருத்தி.

தோட்டத்துக் காவலைத் தனியார் கம்பனி ஒன்று குத்தகைக்கு எடுத்திருந்தது. கள்ளக் கொழுந்து பறிப்பவர்களையும் காட்டு மரம் வெட்டுபவர்களையும் தடுக்க ஆட்கள் வேண்டும். ஆட்களுக்கு உடுப்பும் சப்பாத்தும் வேண்டும். கம்பனி காட்டும் மாதிரிகளைப் பார்த்துத் தோட்டத்துக் கமிட்டி ஒப்பமிட வேண்டும் என்பது ஒப்பந்தம். கமிட்டி என்பது மூவர்: பெரிய கிளாக்கர், மாதர் சங்கத் தலைவி என்ற முறையில் அம்மாக்கண்ணு, காவற்காரர் சார்பில் அழகுமுத்து என்ற இளந்தாரி.

வைகாசியில், வெயிலடித்த ஒரு நாளில், கம்பனியின் மேற்பார்வையாளர் சிறில் ஆபீஸ் மேசைமீது இரண்டு சோடிகளை வைத்தார். ஒன்று, கயிறு கட்டும் கறுப்புச் சப்பாத்து, முகம் பார்க்கலாம். மற்றது, முழங்கால்வரை ஏறும் ரப்பர் பூட்ஸ். நுவரெலியாப் பக்கம் லீக்ஸ் காய்கறித் தோட்டங்களில் சேற்றில் நிற்பவர்கள் போடுவது.

அம்மாக்கண்ணு ரப்பரைத் தொட்டாள். "இது நல்லா இருக்குங்க. தண்ணி ஏறாது. அட்டயும் ஏறாது."

சிறில் சிரித்தார். "தலைவியம்மா, இதப் போட்டுக்கிட்டு காவல்காரன் நின்னா கள்ளன் பயப்படுவானா? லீக்ஸ் கிலோ என்ன வெலன்னு கேப்பான்."

"கள்ளன் மூட்டத்துல வர்றான் சேர்," என்றான் அழகுமுத்து. "அவன் கண்ணாடி பாக்கவா வாறான்?"

"நீ சும்மா இரு. பங்களாவுக்கு வெள்ளைக்காரங்க வந்து தங்குறாங்க. பாத்தா ஆர்மி மாதிரி இருக்கணும். அம்மா, ஒங்க வீட்டுக்காரரும் லிஸ்ட்ல இருக்காரு. இதப் போட்டு அவர நெனச்சுப் பாருங்க."

அவள் நினைத்துப் பார்த்தாள். குற்றம் அங்கேதான் நிகழ்ந்தது. செல்லசாமியின் தகப்பனும் அவர் தகப்பனும் வெறுங்காலோடு பிறந்து வெறுங்காலோடு குழிக்குள் போனவர்கள். மாரியம்மன் தேருக்குப் பந்தோபஸ்து வரும் இன்ஸ்பெக்டரைப்போல் தன் கணவன் கறுப்புச் சப்பாத்து ஒலிக்க லயத்துப் படி ஏறி வருவதை அவள் மனம் ஒருகணம் கண்டது, கண்டு மகிழ்ந்தது. கையெழுத்திட்டாள்.

சப்பாத்து வந்த அன்று வரிசையில் நின்று போட்டுப் பார்த்தார்கள். பாறையிலும் வேரிலும் ஊன்றி ஊன்றி இஞ்சிக் கிழங்குபோல் விரிந்த பாதம் செல்லசாமியுடையது. ஒருவழியாக அதைத் திணித்தார்.

"சரியா இருக்கா?" என்றார் சிறில்.

"சரியா இருக்குங்க."

தோட்டத்தில் பிறந்தவன் நாவில், மேசைக்கு அப்பால் இருந்து வரும் எந்தக் கேள்விக்கும் முதலில் எழும் விடை அது.

அம்மாக்கண்ணு காலைக் கண்ட அன்றே டிஸ்பென்சரியிலிருந்து செல்லசாமியை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். இரத்தத்தில் சீனி கூடியிருந்தது அங்கேதான் தெரிந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டு, மீதிக் காலைக் காப்பாற்றினார்கள். பதினொரு நாள் கழித்து, கட்டோடும் கைத்தடியோடும் வீடு வந்தார். ஹட்டனில் சப்பாத்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் லோஜினி லீவு போட்டு வந்து, இடக்காலைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து பார்த்தாள்.

"அப்பா, இது பத்தாம் நம்பரு. அதுலயும் அகலம். ஒங்களுக்கு எட்டுல்ல குடுத்திருக்கான்! கடையில நான் ஒரு பொம்பளக்கி செருப்பு காட்டுனாகூட ரெண்டு தடவ நடக்கச் சொல்லுவேன்."

"நடக்கச் சொல்லிருந்தா நடந்துருப்பேன். சரியா இருக்கான்னுதான கேட்டாங்க," என்றார் செல்லசாமி.

மறுநாள் மாலை சிறில் வந்தார். குடையை மடக்கி, நான்கு ஆரஞ்சுத் தோடம்பழங்களை நீட்டி, ஸ்டூலில் அமர்ந்தார். அம்மாக்கண்ணு இஞ்சி தட்டிப் பிளேன்டீ கொடுத்தாள். விருந்தாளி முகத்தைச் சுளித்துக் கட்டிலைப் பார்க்காமலே குடித்தார்.

"அண்ணனுக்குக் கம்பனி ஒரு நல்ல காரியம் பண்ணப் போகுது. இனிமே மலை ஏற வேண்டாம். பேக்டரி கேட்ல நாற்காலி. ஒக்காந்து லொறி நம்பர் எழுதுனா போதும். அதே சம்பளம்."

"சாமி ஒங்களுக்கு நல்லது செய்யட்டும்," என்றார் செல்லசாமி.

"சின்ன வேல ஒன்னு இருக்கு. கீழ்ப்பிரிவுக்கும் பங்களாவுக்கும் இன்னும் பதினாறு பேர எடுக்கிறோம். அவங்களுக்கும் அதே சப்பாத்துதான். வெள்ளிக்கிழம கமிட்டி. அம்மா இந்தப் பேப்பர்ல ஒப்பம் வச்சா முடிஞ்சுது."

பேப்பர் சிங்களத்தில் இருந்தது. லோஜினி வாங்கித் தமிழில் சொல்லிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் மாறியது. "காவலர் தமது சமய வழக்கத்தின்படி, கடமை நேரத்தில் பாதணியைக் கழற்றிவிட்டு நடந்தமையால் இக்காயம் ஏற்பட்டது. பாதணியில் குறை எதுவும் இல்லை."

"யாரு சொன்னா அப்புடி?" என்றாள் அம்மாக்கண்ணு.

"அண்ணன்தான். நான் ரெண்டு தரம் மலையில பாத்தேன், சப்பாத்து கையில, கால் வெறுசு. ஏன்யான்னு கேட்டேன். முனியாண்டி எல்ல, செருப்புப் போட்டு நடக்கக் கூடாதுன்னாரு. சாமி விசயத்துல நான் தலையிடல." சிறில் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்க அம்மாவும் மாதா கோயில்ல முட்டி போட்டு நடப்பாங்க. நான் மதிக்கிறேன்."

அவர் போனபின் யாரும் தோடம்பழத்தைத் தொடவில்லை.

தோட்டத்தில் சாமியின் பெயர் ஒரு பழைய சாவி. வெள்ளைத் துரை காலத்திலிருந்து எந்தத் துரையும் சாமி காரியத்தில் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை. பிந்தி வந்ததற்கும், லீவு கேட்பதற்கும், மழையில் மலையேற முடியாததற்கும் அந்தச் சாவிதான் திறந்துவிடும். காலில் சப்பாத்து கடிக்கிறது என்றால் "வேற ஆளப் பாக்கவா?" என்பார்கள். சாமி என்றால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். செல்லசாமியும் அதைத்தான் சொன்னார். சொன்னது காகிதமாகித் தன் வீட்டு வாசலுக்கே வரும் என்று அவர் எண்ணியிருக்கவில்லை.

"அந்த மலையில முனி எல்ல எம்புட்டு தூரங்க?" அம்மாக்கண்ணு கேட்டாள்.

"கல்லச் சுத்தி நாலு அடி."

"நீங்க எம்புட்டு தூரம் வெறுங்கால்ல நடந்தீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். "எட்டு மணி நேரமும்."

"ஏன்?"

"போட்டா உயிரு போகுது புள்ள. உள்ள தண்ணி நிக்கிது. கழுத்துல கயிறு போட்ட மாதிரி காலப் புடிக்கிது. நான் என்னா சொல்றது? ஒங்க சப்பாத்து சரியில்லன்னா? என் பொண்டாட்டி ஒப்பம் வச்ச சப்பாத்துன்னா?"

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஈர விறகு புகைந்தது. சிறிலை நினைத்தால் குமட்டியது. கணவனின் பொய்யை நினைத்தால் குமட்டியது. இன்ஸ்பெக்டர்போல் கணவரைக் கண்டு மகிழ்ந்த தன் நெஞ்சை நினைத்தபோது அதுவே எல்லாவற்றிலும் நாறியது. காலின் நாற்றம் மருந்தில் அடங்கிவிட்டது. இந்த நாற்றத்தைக் கழுவ எந்த ஆஸ்பத்திரி உண்டு?

"அம்மா, வைக்காதீங்க," என்றாள் லோஜினி.

"ஒனக்கென்னாம்மா, ஹட்டன்ல வேல," என்றார் செல்லசாமி. "நாற்காலி கெடச்சா நான் மனுசனா இருப்பேன். இல்லாட்டி இனிமே எனக்கு யாரு வேல தருவா? மருந்தடிக்க முடியுமா, கவ்வாத்து வெட்ட முடியுமா? அம்மாக்கண்ணு, கண்ண மூடிக்கிட்டு ஒரு கோடு போடு."

"போட்டுட்டு? இன்னும் பதினாறு பொம்பளைங்க வீட்டுல எலி செத்துக் கெடக்குன்னு தேடட்டுமா?"

"அவங்க சரியில்லன்னு சொல்லட்டும்."

"நீங்க சொன்னீங்களா?"

அன்று இரவு அந்த வீட்டில் சோறும் குழம்பும் ஆறிக் கிடந்தன.

வெள்ளியன்று அம்மாக்கண்ணு பாதி நாள் வேலைக்கு மட்டும் பெயர் போட்டுவிட்டு, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கோடும் முட்டிவரை சேற்றோடும் ஆபீசுக்குப் போனாள். மேசைமீது புதிய சோடி மினுங்கிக்கொண்டிருந்தது. பெரிய கிளாக்கர் பேனாவைத் திறந்து நீட்டினார். அழகுமுத்து உடுப்போடு சுவரோரம் நின்றான்.

"வாளியில தண்ணி வேணுங்க," என்றாள் அவள்.

"எதுக்கு?"

"சட்டி வாங்குனாகூட தண்ணி ஊத்திப் பாத்துத்தாங்க வாங்குறோம்."

கிளாக்கர் சிறிலைப் பார்த்தார். அதற்குள் அழகுமுத்து தண்ணீர்ப் பீலிக்கடியிலிருந்து வாளியைத் தூக்கி வந்துவிட்டான். அவள் சப்பாத்தைக் கணுக்கால் அளவுக்கு நீரில் நிறுத்திப் பிடித்தாள். சற்று நேரம் ஒன்றுமில்லை. பின்பு தையல் ஓரமாகக் குமிழிகள் சிறுசிறு கண்களைப்போல் ஒவ்வொன்றாக மேலே வந்தன. உள்ளே கைவிட்டு, ஈர விரல்களை எடுத்துக் கிளாக்கரிடம் காட்டினாள்.

"தலைவியம்மா, தண்ணியில வச்சா எதுவும் ஊறும்," என்றார் சிறில். "அண்ணன் கால் கெட்டது இதால இல்ல. சாமி எல்லையில வெறுங்கால்ல நடந்ததால. அவரே சொன்னது. பொய்யின்னா அவர வந்து சொல்லச் சொல்லுங்க. ஆனா நாற்காலியயும் யோசிச்சுக்குங்க."

அம்மாக்கண்ணுவின் கை நீர் சொட்ட நின்றது. தன் ஒப்பத்தை மறுப்பது அவளுக்கு எளிது. கணவன் சொன்ன சொல்லை நாலு பேர் நடுவே பொய்யென்று சொல்வது எளிதன்று.

வாசலில் கைத்தடியின் ஓசை கேட்டது. லோஜினியின் தோளைப் பற்றியபடி செல்லசாமி படியேறி நின்றார். கட்டின்மேல் பொலித்தீன் பை சுற்றியிருந்தது. கம்பனியின் நீலச் சட்டையை அணிந்து, பொத்தானெல்லாம் போட்டு வந்திருந்தார்.

"வாங்கண்ணே, நல்லதாப் போச்சு. நீங்களே சொல்லுங்க," என்றார் சிறில்.

செல்லசாமி யாரையும் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்தார். "முனி என்னயக் கழட்டச் சொல்லலைங்க. வலி தாங்காமக் கழட்டுனேன். மனுசன் மேல பழி சொல்லப் பயந்து சாமி மேல போட்டேன். நான் செஞ்சது பாவம். அந்தப் பேப்பர்ல இருக்கிறது பொய்யிங்க."

சிறில் வாயெடுத்தார். அதற்குள் அழகுமுத்து குனிந்து கயிற்றை அவிழ்த்தான். "எனக்கு எந்த எல்லையும் இல்ல சேர். நான் ஒரு நாளும் கழட்டல. இதயும் பாருங்க." சப்பாத்து உறிஞ்சும் ஓசையோடு பிரிந்தது. உள்ளிருந்த பாதம் வேகவைத்த கிழங்கின் தோல்போல் வெளுத்துச் சுருங்கி, விரலிடுக்குகளில் வெடித்திருந்தது. அதன் நாற்றம் கோப்புகளுக்கும் தேநீர்க் கோப்பைக்கும் இடையே எழுந்து அறையை நிறைத்தது. கிளாக்கர் லேஞ்சிக் கைத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து ஜன்னலைத் திறந்தார். மழை உள்ளே அடித்தது.

"சப்பாத்தக் கட்டிக்கடா, கட்டிக்க," என்றார் கிளாக்கர்.

"மோந்துக்குங்க," என்றாள் அம்மாக்கண்ணு. "நாங்க வீட்டுக்குள்ளயே மோந்தோம். ரப்பரு பூட்ஸு குடுங்க. அதயும் வாளியில வச்சுப் பாக்கணும். ஒவ்வொருத்தன் காலயும் காகிதத்துல வரைஞ்சு அளவெடுக்கணும். மலையில ஒரு நாள் நடக்க விட்டு, பெறகு கேளுங்க சரியா இருக்கான்னு. அதுவரைக்கும் என் கைநாட்டும் கெடையாது, கையெழுத்தும் கெடையாது."

கிளாக்கர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றபடியே, "நானும் போடல சிறில். கொண்டு போங்க," என்றார்.

சிறில் சப்பாத்தைப் பெட்டியில் போட்டார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதுதான் அம்மாக்கண்ணுவுக்கு எல்லாவற்றிலும் அருவருப்பாக இருந்தது. "ஹரி, சரி. அப்ப நாற்காலிக்கு வேற ஆளு பாக்கிறேன். அண்ணே, பெல்ட்டு, டோர்ச்சு, விசில் நாளைக்கு வந்துரணும். சட்டை இப்பவே வேணும், அது கம்பனிச் சொத்து."

"மழை பெய்யுது சேர்," என்றான் அழகுமுத்து.

"நானா பெய்யச் சொன்னேன்?"

செல்லசாமி ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். சட்டையை மடித்து மேசையில் வைத்தார். கிழிந்த பனியனோடு நின்ற அவர்மேல் அம்மாக்கண்ணு மழைக்குத் தன் தலையில் போட்டிருந்த கொங்காணியை எடுத்துப் போர்த்தினாள். மூவரும் படியிறங்கினார்கள். லயத்துப் பாதை ஏறி முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. வழியில் ஒருமுறை அவர் நின்றார்.

"நாற்காலி போச்சு."

"போகட்டும்."

"என்னா பண்ணுவோம்?"

"தெரியலைங்க. மெதுவா கால வைங்க, பாசி வழுக்கும்."

வீட்டுக்கு வந்ததும் லோஜினி விளக்கேற்றினாள். அம்மாக்கண்ணு வெந்நீரில் மஞ்சளும் உப்பும் கரைத்து, வாசற்படியில் அமர்ந்து, கணவனின் காலைத் தன் மடியில் ஏந்தினாள். கட்டை அவிழ்த்தாள். விரல்கள் இருந்த இடத்தில் தையல் சிவந்திருந்தது. முகத்தைத் திருப்பாமல், மூச்சை அடக்காமல், ஆஸ்பத்திரியில் சொன்னபடி தையலைச் சுற்றித் துடைத்தாள். ஈரம் போக ஒற்றினாள். புதுத் துணி சுற்றினாள். செல்லசாமி கண்களை மூடியிருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. முனியிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

மரவைக் கிண்ணத்திலிருந்து திருநீறு எடுத்து அவர் நெற்றியில் பூசினாள். விரல் நுனியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. திருநீறு காலில் படலாகாது. நிலத்தில் சிந்தினால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் குலம் அது. அவள் ஒருகணம் தயங்கினாள். இத்தனை நாள் சுமந்த பாதமும் இறைவன் தந்ததுதானே என்று அவள் உள்ளம் சொல்லியிருக்க வேண்டும். கட்டுக்கு மேலே, நரம்பு புடைத்த புறங்காலில் அந்த நீற்றை மூன்று கோடாக இழுத்தாள். பிறகு குனிந்து கைகூப்பினாள்.

"தாயே மாரி, இந்த மலையில நடக்கிற கால் அத்தனயும் நல்லா இருக்கணும். புதுசா வேலைக்கு வரப்போற பதினாறு பேரும் காய்ஞ்ச காலோட வீடு சேரணும். அவனுக்கும், அந்தச் சிறிலுக்கும், புத்தியக் குடு."